சாம்பல் வாளியும் ஆறு பில்பெரிச் செடிகளும்

என்னை இந்த வேலையில் இருந்து நிற்பாட்டியது முதலாளி இல்லை, என்னுடைய இரண்டு முழங்கால்கள். ஐம்பத்தைந்து வயதில் இரண்டும் கூட்டுச் சேர்ந்து, இனிமேல் மண்ணில் குந்துவதில்லை என்று முடிவெடுத்துவிட்டன. டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தோட்ட வேலையை மறந்துவிடச் சொன்னார். "அப்ப வீட்டில கோப்பை கழுவுறதையும் மறக்கலாமோ டொக்டர்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அது நிண்டுகொண்டு செய்யிற வேலைதானே" என்றார்.

ஆகவே தம்பிமாரே, தங்கச்சிமாரே, இனி வீட்டுத் தோட்டங்களுக்கு நீங்கள்தான் போகப்போகிறீர்கள். புல்லு வெட்டுகிற மெஷினை எப்படி ஸ்ரார்ட் பண்ணுவது, எந்தக் கொப்பை எந்த மாதம் வெட்டுவது என்பதெல்லாம் உங்களுக்கு ஆராவது காட்டித் தருவார்கள். அதை நான் எழுதப்போவதில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த விசயம் ஒன்றுதான். பயம். தோட்டத்தில் ஒரு பிழை நடந்து, நெஞ்சு அடிக்கத் தொடங்கும்போது, கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதில் நான் ஒரு ஸ்பெஷலிஸ்ட்.

முதலில் ஒரு சின்னக் கதை. கனடாவில் இந்த வேலைக்கு வந்த முதல் பனிக்காலம். மிசிசாகாவில் ஒரு வீட்டு வாசலில் உப்புத் தூவ என்னை இறக்கிவிட்டுப் போனார்கள். முன்வளவில் பதினொரு செடிகள் சாக்குத்துணி சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டியபடி நிற்கின்றன. நான் நினைத்தேன், நட வந்தவர்கள் அவசரத்தில் கட்டவிழ்க்காமல் போய்விட்டார்கள். மூச்சுவிட ஏலாமல் நிற்குதுகளே, பாவங்கள்! கை விறைக்க விறைக்கப் பதினொன்றையும் அவிழ்த்தேன். சாக்குகளை வடிவாக மடித்து வாசற்படியில் அடுக்கிவிட்டு வந்தேன். வீட்டுக்காரர் நன்றி சொல்லக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். கூப்பிட்டார். நன்றி மட்டும் சொல்லவில்லை.

அது பனிக்காற்றுக்குச் செடிகளுக்குப் போட்ட கோட் என்று அன்றுதான் அறிந்தேன்.

அன்றைக்கே எனக்கு என் வருத்தம் என்னவென்று, என் நோய் என்னவென்று, விளங்கியிருக்கவேண்டும். சோம்பல் இல்லை, களவு இல்லை. கேளாமல் உபகாரம் செய்வதுதான் என் வருத்தம். ஆனால் ஒரு தரத்தில் பாடம் படிக்கிற ஆளா நான்? எனக்கு எப்போதும் இரண்டாந்தரம் வேண்டும்.

இரண்டாந்தரம் வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு வீட்டில் வந்தது. ஐந்து வருசத்துக்கு முந்திய கோடை.

அந்த வீட்டுக்காரியை ஹெல்மி என்று சொல்லுகிறேன். எஸ்தோனியாக்காரி, கணவன் இல்லை, அறுபத்தேழு வயது. பதினேழு வயதில், இரண்டாம் உலக யுத்தத்துக்குள், படகில் தப்பினவர். என்னைக் கண்ட முதல் நாளே, "நீரும் படகோ?" என்று கேட்டார். "இல்லை மிஸிஸ், பிளேன். ஆனால் பாஸ்போட்டில இருந்த முகம் என்ரை இல்லை" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து கிழமைக்கு ஒருநாள் அந்த வளவு என்னுடைய பொறுப்பு.

பின்வளவில், இரண்டு பைன் மரங்களின் அரை நிழலில், ஆறு பில்பெரிச் செடிகள் நின்றன. முழங்காலுக்குக்கூட வராத உயரம். பில்பெரியைப் புளூபெரியின் ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னன். குலையாகக் காய்க்காது, ஒன்றொன்றாகத்தான் காய்க்கும். புளூபெரியை நறுக்கினால் உள்ளே வெளிறிப்போய் இருக்கும். பில்பெரிக்கு உள்ளேயும் மை. ஒன்று தின்றால் போதும், நாக்கும் பல்லும் கருநீலமாகிவிடும், பொய் சொல்ல ஏலாது. அதனால் பழக் காலத்தில் நான் வேலை முடித்துப் போகும்போது ஹெல்மி கேற்றடியில் மறித்துக்கொண்டு நிற்பார்.

"நாக்கு" என்பார்.

ஐம்பது வயது ஆம்பிளை, மீசையும் வைத்துக்கொண்டு, நடுறோட்டுக்குத் தெரிய நாக்கை நீட்டிக் காட்டுவேன். ஒன்றும் இல்லை என்று கண்டபிறகுதான் வழிவிடுவார். பகிடிதான். ஆனால் அந்தப் பழங்களைப் பற்றி அவர் முழுதாகப் பகிடி விட்டதில்லை. ஆரோ பின்லாந்தில் இருந்து கொண்டுவந்து கொடுத்த விதையை முளைக்க வைத்து, ஒன்பது வருசமாக வளர்த்தவை.

அந்த மே மாதக் கடைசியில் அவர் ஊருக்குப் புறப்பட்டார். ஐம்பது வருசத்துக்குப் பிறகு முதற்தரம். போகிறதுக்கு முதல்நாள் என்னைச் செடியடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கொப்புகளில் பச்சைக் காய்கள் பிடித்திருந்தன.

"என்ரை தங்கச்சி அங்கை இருக்கிறா. நான் வெளிக்கிடேக்க அவவுக்கு எட்டு வயது" என்றார். "ஓகஸ்டில என்னோடை இஞ்சை வாறா. படகடிக்குப் போற வழியில காட்டுக்குள்ள நாங்கள் ரெண்டு பேரும் கடைசியாச் சேர்ந்து புடுங்கித் தின்டது இந்தப் பழம்தான். இந்த இடத்தில அவவை நிப்பாட்டி, செடியில இருந்து கையால புடுங்கித் தின்னச் சொல்லோணும். எனக்கு அவ்வளவுதான் வேணும். விளங்குதோ?"

"விளங்குது மிஸிஸ்."

கூரைத் தண்ணி விழுகிற பீப்பாயைக் காட்டினார். "தண்ணி இந்த மழைத்தண்ணி பரலில இருந்து மட்டும். குழாய்த் தண்ணி ஒரு சொட்டும் படக்கூடாது."

"ஓம் மிஸிஸ்."

ஏன் படக்கூடாது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. ஏன் என்று கேட்டால் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்ற வெட்கம், புது நாட்டில் வேலை பார்க்கிறவனுக்கு முதுகில் ஏற்றிய மூட்டை மாதிரி. உங்களுக்கும் இருக்கும். இறக்கி வையுங்கோ.

இரண்டாம் கிழமை போய்ப் பார்க்கிறேன், இலைகளில் ஓட்டை. சின்னச் சின்ன ஓட்டைகள். இப்போது யோசித்தால், அது ஏதோ ஒரு புழு தன்னுடைய காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் போன அடையாளம். செடிக்கு ஒன்றுமே ஆகியிராது. ஆனால் எனக்கு அந்த ஓட்டைகளுக்குள்ளால் ஹெல்மியின் தங்கச்சி எட்டிப் பார்ப்பது போல இருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. மருந்து தேடிக் கார் விடுகிற கராச்சுக்குள் ஓடினேன். அங்கே ஒரு மூலையில், குளிர்காலம் முழுக்க அடுப்பில் விறகு எரித்த சாம்பல், ஒரு தகர வாளி நிறைய.

நீங்களும் யாழ்ப்பாணத்து ஆக்கள்தானே, சொல்லுங்கோ. ஒரு வாளி நல்ல விறகுச் சாம்பலைக் கண்டால் எங்கடை கை சும்மா இருக்குமோ? மிளகாய்க் கண்டில் பூச்சியென்றால் சாம்பல். கத்தரிக்குச் சாம்பல். வாழையடிக்குச் சாம்பல். இவ்வளவு அருமையான சாமானை இந்தச் சனம் குப்பைக்கு எறியுதே என்று எனக்குக் கவலைகூட வந்தது. மிளகாய்க்கு ஒரு பிடியென்றால் பில்பெரி வெளிநாட்டுக்காரர், இரண்டு பிடி போடவேண்டும் என்று கணக்குப் போட்டேன். இலையெல்லாம் விபூதி பூசின மாதிரித் தூவினேன். மிச்சத்தை ஆறு செடியடியிலும் கொட்டி, வாளியைக் கவிழ்த்துத் தட்டி, பரலில் இருந்து மழைத்தண்ணி அள்ளி ஊற்றினேன். பாருங்கோ, தண்ணி விசயத்தில் சொன்ன சொல்லைத் தவறவில்லை! அந்தப் பெருமையோடு வீட்டுக்குப் போனேன்.

இந்தத் தொழிலில் ஒரு சங்கடம் இருக்கிறது. பாத்திரம் கழுவுகிறவன் பிழை விட்டால் கோப்பை உடனே உடையும், சத்தம் கேட்கும். செடி சத்தம் போடாது. இரண்டு மூன்று கிழமைக்கு, நீ செய்தது நல்ல வேலை என்று உன்னை நம்ப விட்டுவிட்டு, பிறகுதான் காட்டும். அந்த மூன்று கிழமையும் நான் வீட்டில் விசிலடித்துக்கொண்டு திரிந்தேன்.

யூன் கடைசியில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். வீட்டில் என் மனிசியிடம் சொன்னேன்.

"மஞ்சள் மங்களகரமெல்லோ?" என்றாள், கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டு.

"விசர்க்கதை கதையாத. சத்துக் காணாதுபோலை."

சத்துக் காணாது என்றால் என்ன செய்வது? ஹெல்மியின் பக்கத்து வளவு மனுசன் பார்பிக்யூ போட்ட கரிச்சாம்பலையும் கேட்டு வாங்கி இரண்டாந்தரம் போட்டேன். ஓம், சிரியுங்கோ. நானும் இப்போது சிரிக்கிறேன்.

அதற்கடுத்த கிழமை நாலு செடி இலையைக் கொட்டத் தொடங்கியதும்தான் லைப்ரரிக்குப் போனேன். ஒரு படப் புத்தகத்தில் ஒரேயொரு வசனம். இந்தச் செடிக்குப் புளிப்புக் குணமுள்ள மண் வேண்டும், சுண்ணாம்பும் சாம்பலும் மண்ணின் புளிப்பை எடுத்துவிடும், வேர் சத்தை உறிஞ்ச முடியாமல் செடி பட்டினி கிடந்து சாகும். குழாய்த் தண்ணி ஏன் கூடாது என்றும் அப்போது விளங்கியது. இந்த நகரத் தண்ணியிலும் சுண்ணாம்புக் குணம். அவர் சொட்டுச் சொட்டாகக் காப்பாற்றியதை நான் வாளி வாளியாகக் கொட்டி அழித்திருக்கிறேன்.

புளிப்பு வேண்டும். உடனே வேண்டும். இந்த இடத்தில்தான் பயந்தவன் மூளை எப்படி வேலை செய்யும் என்று நீங்கள் பார்க்கவேண்டும். நேராகத் தமிழ்க் கடைக்குப் போனேன்.

"நாப்பது தேசிக்காயோ?" கடைக்காரத் தம்பி பையை விரித்தபடி பார்த்தான். "என்னண்ணை, ஆருக்கும் பேயோட்டப் போறியளோ?"

"ஓம். எனக்குத்தான்."

நாற்பதையும் வெட்டி, விரலெல்லாம் எரிய எரியப் பிழிந்தேன். கோதுகளையும் செடியடியில் போட்டேன். அடுத்தநாள் வெக்ஸ்போர்டில் இருந்த குளவியெல்லாம் அந்த வளவில் மாநாடு வைத்தன. செடிகள் மட்டும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு வந்த யோசனையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதற்காகத்தான் எழுதுகிறேன், ஆனபடியால் சொல்லுகிறேன். ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில் நாங்கள் செடி எடுக்கிற ஒரு பெரிய நேர்சரி இருந்தது. அங்கே பழச்செடிப் பகுதியை நடத்தியவ ஒரு மன்னார்க்காரி. என் வயதுதான், ஆனாலும் என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவா. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மண்வெட்டியோடு வீட்டுக்கு வந்துவிடுவா. ஒரு வேலைநாள் மத்தியானம் அவவிடம் போய், ஆறு குட்டைப் புளூபெரிச் செடி வேண்டும், காயோடு வேண்டும் என்று கேட்டேன்.

அவ சாண்ட்விச்சைக் கீழே வைத்தா. "ஆருக்கு?"

"ஒரு வீட்டுக்கு."

"நாதண்ணை, உங்கடை மூஞ்சை சரியில்லை. ஆருக்கு?"

பத்து நிமிசத்தில் எல்லாத்தையும் கக்கிவிட்டேன். சாம்பல், பார்பிக்யூ, தேசிக்காய், குளவி. அவ மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. "செடிக்கு முதல் விபூதி பூசி, பேந்து தேசிக்காய் வெட்டி! தேங்காயும் ஒண்டு உடைச்சிருக்கலாமே!"

"பகிடி விடாதேங்கோ. அவ வர முதல் ஆறையும் மாத்தி நட்டுப்போடுவன். பாத்தால் ஒரே மாதிரித்தானே."

அவவின் சிரிப்பு நின்றது. சாப்பாட்டுப் பெட்டிக்குள் இருந்து ஒரு புளூபெரியை எடுத்து, நகத்தால் இரண்டாகக் கிள்ளி என் முன்னால் வைத்தா. உள்ளே வெள்ளை.

"அந்த மனுசி தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்து, இதை வாயில போடச் சொல்லுவா. ஐம்பது வருசத்துக்குப் பேந்து. ரெண்டு பேற்றை நாக்கும் வெள்ளையாய்க் கிடக்கும். அப்ப நீங்கள் எங்கை நிப்பியள், அண்ணை? பைன் மரத்துக்குப் பின்னாலயோ?"

நான் இரண்டு பாதியையும் எடுத்துத் திரும்ப ஒட்டப் பார்த்தேன்.

"இதுவரைக்கும் ஆற்றையெல்லாம் காதில போட்டனீங்கள்?"

"மனிசி. கடைக்காரப் பெடியன். இப்ப நீங்கள்."

"செடிக்குச் சொந்தக்காரிக்கு?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அதுதான் முதல் மருந்து. நீங்கள் அதை விட்டுட்டு மற்றதெல்லாம் போட்டுப் பாத்திருக்கிறியள்."

செய்யவேண்டியதை இரண்டே வசனத்தில் சொன்னா. மேலே கிடக்கிற சாம்பல் மண்ணை மண்வெட்டி போடாமல் கையால் மெல்ல வழித்தெடு, வேர் மேலாகத்தான் ஓடும். பீற் என்கிற புளிப்பு மண்ணும் பைன் ஊசியிலையும் போட்டு மூடு. இதையும் செடிக்காரி சொன்னபிறகு செய் என்றா. புளூபெரிச் செடி ஒன்றுகூட எனக்கு விற்கவில்லை. உங்கள் தொழிலில் அப்படி ஒருத்தரைக் கண்டால் விட்டுவிடாதேங்கோ.

சனிக்கிழமை காலை. அங்கே எஸ்தோனியாவில் பின்னேரம். ஹெல்மி எழுதித் தந்த நம்பரையும் கோலிங் கார்ட்டையும் வைத்துக்கொண்டு கதிரையில் இருக்கிறேன். இங்கிலீசில் நாலு தரம் ஒத்திகை பார்த்தாயிற்று. மனிசி பக்கத்தில் நின்று, "நல்ல சேதியைச் சொல்லிப்போட்டுப் பேந்து இதைச் சொல்லுங்கோ" என்றாள்.

"என்ன நல்ல சேதி?"

யோசித்துப் பார்த்தாள். "புல்லு வடிவா வெட்டியிருக்கு?"

அந்தப் பக்கம் தங்கச்சிக்காரி எடுத்தா. எனக்கு அவவின் பாசை தெரியாது, அவவுக்கு இங்கிலீஸ் தெரியாது. "ஹெல்மி, ஹெல்மி" என்று நான் கத்த, அவவும் "ஹெல்மி, ஹெல்மி" என்று வீட்டுக்குள் கத்தினா. ஓடிவருகிற சத்தம் கேட்டது.

"என்ன நாதன்? வீடு எரிஞ்சுபோச்சோ?"

"இல்லை மிஸிஸ்."

"அப்ப?"

ஒத்திகை எல்லாம் பறந்துவிட்டது. "பில்பெரிக்கு நான் சாம்பல் போட்டுட்டன். ரெண்டு தரம். பேந்து தேசிக்காய்ப் புளி விட்டன். நாலு செடி செத்துப்போச்சு. என்ரை பிழை. நீங்கள் சொல்லேல்லை, நானாத்தான் செய்தனான்."

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. திட்டினால் நல்லாயிருக்கும் என்று இருந்தது. திட்டு வாங்கிப் பழக்கம் இருக்கிறது. அந்தச் சும்மா இருப்புக்குப் பழக்கமில்லை.

"எத்தினை உயிரோடை?" என்றார் கடைசியில்.

"ரெண்டு. மஞ்சள்தான். ஆனால் காய் நிக்குது."

மன்னார்க்காரி சொன்ன வைத்தியத்தைச் சொன்னேன். செய்யட்டோ என்று கேட்டேன்.

"செய்யும். ஒருக்கால் மட்டும். அதுக்குப் பிறகு மழைத்தண்ணி. வேற ஒண்டும் இல்லை. ரெண்டு கையையும் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொள்ளும், நாதன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "தங்கச்சி ரிக்கெற் எடுத்திட்டா."

பரவாயில்லை என்று சொல்லவில்லை. இனி வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் ரிசீவரை வைத்துவிட்டு அப்படியே இருந்தேன். மனிசி தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். புல்லைப் பற்றிக் கேட்கவில்லை.

நீங்கள் நம்பமாட்டீர்கள், இந்தத் தொழிலில் நான் செய்த ஆகக் கஷ்டமான வேலை அந்த யூலை மாதத்து வேலைதான். மண்ணை வழித்து, பீற் போட்டு, ஊசியிலை பரப்பிய பிறகு, ஒன்றுமே செய்யாமல் நிற்பது. போகிற நாளெல்லாம் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் கையை விட்டுக்கொண்டு செடியடியில் நிற்பேன். இலை ஒன்று சுருண்டால் கை வெளியே வரப்பார்க்கும். உள்ளே தள்ளுவேன். பக்கத்து வளவு மனுசன் நான் ஏதோ துக்கம் காக்கிறேன் என்று நினைத்திருப்பான்.

மூன்றாம் கிழமை பரல் வற்றிவிட்டது. மழை இல்லை, வெயில் நெருப்பு. இரண்டு முழத்துக்கு அப்பால் குழாய். ஹோஸ் சுருண்டு கிடந்து என்னைப் பார்க்கிறது. ஒரு வாளி விட்டால் ஆருக்குத் தெரியும்? அந்தக் கேள்வி வரும்போது, தம்பிமாரே, கையை இன்னும் ஆழமாகப் பொக்கற்றுக்குள் விடுங்கோ. அன்றைக்குப் பின்னேரம் எங்கள் அப்பார்ட்மென்ட் பக்கம் ஒரு பாட்டம் மழை கொட்டியது. மனிசி பல்கனியில் வைத்திருந்த ஐஸ்கிரீம் வாளிகளில் ஏந்தினாள். எங்கடை வீடுகளில் ஐஸ்கிரீம் முடிந்தாலும் வாளி முடியாதுதானே. அடுத்தநாள் நாலு வாளியை மூடி பூட்டிக் கொண்டு பஸ்சில் போனேன். பக்கத்தில் இருந்த ஒரு அன்ரி, "என்ன தம்பி, பேர்த்டே பார்ட்டியோ?" என்றா.

"இல்லை அன்ரி. ஆஸ்பத்திரிக் கேஸ்."

மெல்ல மெல்லப் புது இலை பச்சையாக வந்தது. இரண்டு செடியிலும் முப்பதுக்குக் கிட்டக் காய்கள், கருநீலம் பிடிக்கத் தொடங்கின. அப்போது குருவிகள் கண்டுவிட்டன. இரண்டே நாளில் முப்பது ஒன்பதாகியது. பழைய நாதனாக இருந்தால் அந்த வளவில் வெடி கொளுத்தியிருப்பேன். புது நாதன் திரும்பவும் கோலிங் கார்ட் எடுத்தான்.

"மிஸிஸ், குருவி தின்னுது. கராச்சில வலையைத் தேடினன், காணேல்லை. என்ரை மனிசியின்ரை பழைய நைலெக்ஸ் சீலை ஒண்டு இருக்கு. மெல்லிசு. வெளிச்சம் போகும். மூடலாமோ?"

பிறகு ஒரு சிரிப்புச் சத்தம், வெகு தூரத்தில் இருந்து. "என்ன நிறம்?"

"றோஸ். வெள்ளைப் புள்ளி."

"போடும்" என்றார். "நாதன், கேட்டதுக்கு நன்றி."

ஓகஸ்டில் அவர்கள் வந்து இறங்கிய அடுத்தநாள் பின்னேரம் வரச்சொன்னார். முகம் வழித்து, அயன் பண்ணிய சேட்டுப் போட்டுக்கொண்டு போனேன். செத்த நாலு செடியும் குச்சிகளாக நின்றன. நான் அதைக் கிளப்பியிருக்கவில்லை. கிளப்பச் சொல்லவில்லைதானே. ஹெல்மி அந்த நாலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு குச்சியைத் தொட்டார், ஒடிந்து கையோடு வந்தது. என்னைப் பார்க்கவில்லை. நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு நிமிசத்துக்குப் பகிடி ஒன்றும் என்னிடம் இருக்கவில்லை.

தங்கச்சிக்காரி நேராகச் சீலையிடம் போனா. உருண்டையான, சிவந்த முகம். சீலையைத் தடவிப் பார்த்து ஏதோ கேட்டா. ஹெல்மி மொழிபெயர்த்தார். "கனடாவில பழச்செடிக்கு உடுப்புப் போடுறவையோ எண்டு கேக்கிறா."

சீலையை நான் விலக்கினேன். ஒன்பது பழங்கள். தங்கச்சிக்காரி குனிந்து பார்த்துவிட்டுப் பெரிதாகச் சிரித்துக்கொண்டு கதைத்தா. ஹெல்மியின் முகம் மாறியது.

"என்ன சொல்லுறா, மிஸிஸ்?"

"தங்கடை வீட்டுக்குப் பின்னால காட்டில இது புல்லுமாதிரிக் கிடக்காம். நிலம் தெரியாதாம். இதை ஆர் வீட்டில நட்டு வளர்ப்பினம், உனக்கு விசரோ எண்டு கேக்கிறா."

ஒன்பது வருசம் வளர்த்தவர் நிற்கிறார். ஒரு கோடை முழுக்கச் செத்துப் பிழைத்தவன் நிற்கிறேன். தங்கச்சிக்காரி ஒன்றைப் புடுங்கி வாயில் போட்டுச் சப்பினா. இன்னொன்று. பிறகு ஏதோ சொன்னா.

"காட்டுப் பழத்தைவிடப் புளிக்குதாம்" என்றார் ஹெல்மி.

எனக்கு நாற்பது தேசிக்காயும் கண்ணுக்குள் உருண்டன.

தங்கச்சிக்காரி அப்போது தமக்கையைப் பார்த்தா. ஐம்பத்தெட்டு வயது மனுசி, வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டினா. அடி நாக்கு வரைக்கும் கருநீலம். ஹெல்மியும் ஒன்றைப் புடுங்கி வாயில் போட்டார். தன்னுடைய நாக்கை நீட்டினார். இரண்டு பேரும் ஒருவர் நாக்கை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு சிரித்தார்களோ அழுதார்களோ, நான் மரியாதைக்குப் பைன் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆளுக்கு நாலு நாலாகத் தின்றார்கள்.

"நாதன்" என்றார் ஹெல்மி. "நாக்கு."

நீட்டினேன். வடிவாகக் குனிந்து பார்த்தார். தங்கச்சிக்காரியும் பார்த்தா.

"ஒண்டுகூட ருசி பாக்கேல்லையோ?"

"இல்லை மிஸிஸ்."

மிஞ்சி நின்ற ஒரு பழத்தைப் புடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். தின்றேன். திரும்பவும் நாக்கைக் காட்டச் சொன்னார். காட்டினேன். மூன்று பேரும் அப்படி நிற்க, பக்கத்து வளவு மனுசன் புல்லு வெட்டுகிற மெஷினை நிற்பாட்டிவிட்டுப் பார்த்தான்.

"வாற கிழமையும் வரட்டோ?" என்று மெல்லக் கேட்டேன்.

"கை ரெண்டும் எங்கை?"

நான் உடனே இரண்டையும் பொக்கற்றுக்குள் வைத்தேன்.

"இப்ப வெளியில எடும்" என்றார். "செத்த நாலையும் கிளப்பவேணும். அந்த மண்ணையும் மாத்தவேணும். புதுசா நாலு வளர்க்கப் போறன்."

எப்படிக் கிளப்பவேண்டும் என்று கேட்டேன். சொன்னார். பிறகு, அந்த வளவில் நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து முதற்தரமாக, ஏன் அப்படி என்று கேட்டேன்.

ஹெல்மி புல்லில் சப்பாணி கட்டி இருந்தார். என்னையும் இருக்கச் சொன்னார். அந்தக் காலம் என் முழங்கால்கள் இன்னும் என் பேச்சைக் கேட்டன. குந்திக்கொண்டு இருந்து கேட்டேன்.